புல்லுக்குள் பூட்டிய சீனி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கம் கேட்டது. கண்டியில் நாம் எல்லோரும் பார்த்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். வெயில் காலத்தில் ஹந்தானைச் சரிவில் கினிப்புல் காய்ந்து தீப்பிடிக்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். குப்பை எரிகிறது என்று நினைத்துக் கடந்து போகிறோம். உண்மையில் எரிவதில் பெரும்பங்கு சீனி.

தாவரத்தின் கலச்சுவரில் இருப்பது செலுலோசு. 1838இல் பிரான்சு நாட்டு இரசாயனவியலாளர் அன்செல்ம் பாயன் அதை இனங்கண்டார். சோற்றிலுள்ள மாப்பொருளும் செலுலோசும் ஒரே குளுக்கோசால் ஆனவை. வேறுபாடு கோத்த விதத்தில்தான். மாப்பொருளில் குளுக்கோசு மணிகள் ஒரே பக்கம் பார்க்கின்றன, சங்கிலி சுருள்கிறது. செலுலோசில் மணி ஒன்றுவிட்டு ஒன்று புரண்டிருப்பதால் சங்கிலி நேராக நீள்கிறது. சங்கிலிகள் அருகருகே நெருங்கி இறுகிக்கொள்கின்றன. அதனால்தான் சோறு வாயில் கரைகிறது, கயிறு கரைவதில்லை. நம் உமிழ்நீரில் உள்ள அமைலேசு நொதியம் மாப்பொருளை உடைக்கும், செலுலோசைத் தொடாது.

மாடு புல்லைத் தின்று வாழ்கிறதே என்று கேட்பீர்கள். அந்த வேலையைச் செய்வது மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணங்கிகள். நம் நாட்டில் புற்றெழுப்பும் கறையான்களில் சில, புற்றுக்குள்ளே பங்கசை வளர்த்து, அதைக்கொண்டு மரத்தூளைச் செரிக்கவைக்கின்றன. மழைக்குப் பிறகு புற்றோரம் முளைத்து, நாம் ஆசையாகக் கறி வைக்கும் காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான்.

மனிதர் இந்த வித்தையைக் கற்ற கதை போரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் உக்கிப்போயின. சொலமன் தீவுகளில் ஒரு கூடாரத் துணியிலிருந்து ஒரு பங்கசைப் பிரித்தெடுத்தார்கள். மாசச்சூசெட்சு மாநிலத்தில் நாற்றிக் என்ற ஊரிலிருந்த இராணுவ ஆய்வுகூடத்தில் எல்வின் றீஸ் என்பவரும் மேரி மாண்டல்சு என்ற பெண்மணியும் பல ஆண்டுகள் அதை ஆராய்ந்தார்கள். றீசின் நினைவாக அதன் பெயர் திரைக்கொடேர்மா றீசெய். துணி உக்காமல் காப்பதே முதல் நோக்கம். 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது கேள்வி தலைகீழானது: இந்தப் பங்கசைக் கொண்டே கழிவிலிருந்து சீனி எடுத்தால் என்ன?

பங்கசு சுரக்கும் நொதியங்கள் மூன்று வகை. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டிய நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரித்துத் தனிக் குளுக்கோசாக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் வேலை முடியும். 50 பாகை செல்சியசு அளவு வெப்பமும் சற்றே அமிலத்தன்மையும் அவற்றுக்குப் பிடிக்கும்.

அப்படியானால் ஏன் இன்னும் நம் வாகனங்கள் புல்லில் ஓடவில்லை? செலுலோசைச் சுற்றி இலிக்னின் என்ற கடினமான பொருள் கவசமாக நிற்கிறது. நீராவியாலோ அமிலத்தாலோ காரத்தாலோ முதலில் அதைத் தளர்த்தவேண்டும். அதற்கும் செலவு, நொதியத்துக்கும் செலவு, வைக்கோலைத் திரட்டி ஏற்றி வரவும் செலவு. ஒரு தொன் உலர்ந்த வைக்கோலில் 350 கிலோ செலுலோசு இருந்தால், முழுவதையும் குளுக்கோசாக்கி மதுவம் இட்டு நொதிக்கவைத்தால், கணக்கின்படி ஏறத்தாழ 250 லீற்றர் எதனோல் வரவேண்டும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. 2022 ஓகஸ்டில் இந்தியாவின் பானிப்பட்டில் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து 3 கோடி லீற்றர் எடுப்பதற்கென அமைக்கப்பட்டது. அதாவது தொன்னுக்கு 150 லீற்றர்.

அதே 2022இல்தான் நாம் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அதனால் இது நமக்கு வெறும் பாடப்புத்தக விடயமல்ல. ஆனால் அவசரப்பட்டு வாக்குறுதி நம்பவும் கூடாது. வைக்கோல் மாட்டுக்குத் தீனி, வயலுக்கு உரம். அதை முழுவதும் ஆலைக்குக் கொடுத்தால் மண் ஏழையாகிவிடும். யாரும் நடாமலே மலையை மூடும் கினிப்புல் வேறு கதை. ஹந்தானையிலேயே இருக்கும் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனத்தில், இத்தகைய புற்களிலிருந்து எதனோல் பெறும் வழிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். தீப்பிடிக்கும் மலையும் அதற்கு விடை தேடும் ஆய்வுகூடமும் ஒரே மலையில் இருக்கின்றன.

எரிபொருள் வரும்வரை இந்த நொதியம் சும்மா இருக்கவில்லை. புதுத் டெனிம் காற்சட்டையைப் பழையதுபோல் மென்மையாக்குவதும், பருத்தித் துணியின் பஞ்சுப் பிசிறை நீக்குவதும் இதுவே. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பெண்கள் பலரின் கையருகே இது இருக்கிறது. பெயர்தான் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அக்காமாரே, தங்கைமாரே, நூற்றாண்டுக்குக் கல்லூரிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டீர்கள். என் விண்ணப்பம் சிறியது. ஆய்வுகூடத்துக்கு வெப்பநிலை மாறாமல் காக்கும் ஒரு நீர்த்தொட்டியும், ஆண்டுதோறும் சிறிதளவு செலுலேசு நொதியமும் வாங்கிக் கொடுங்கள். மற்றது எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. உலகெங்கும் இந்த நொதியத்தின் வலுவை அளக்கப் பயன்படுவது, நம் அலுமாரியில் இருக்கும் வடிதாள்தான். ஒரு கீற்று வடிதாளை நொதியத்தில் இட்டு 50 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, பெனடிக்ற்றின் கரைசலோடு சூடாக்கட்டும். நீலம் செங்கட்டி நிறமாகும். வடிதாள் இல்லாமல் நொதியத்தை மட்டும் இட்ட இன்னொரு குழாயும் பக்கத்தில் இருக்கவேண்டும். சீனி தாளிலிருந்துதான் வந்தது என்று அப்போதுதான் சொல்லமுடியும்.

தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு, கடதாசி சீனியாவதைத் தன் கண்ணால் காணும் வாய்ப்பு கிடைக்கட்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் நமக்கு எட்டாது என்று விலகிப்போகும் பிள்ளைகளில் ஒருத்தியாவது நின்றுவிட்டால், நாம் செலவிட்டது வீண்போகாது.