குரலைத் தாழ்த்தாமல் சொல்வோம்



திருமண விருந்து ஒன்று. "பிள்ளைகள் என்னம்மா படிக்கிறார்கள்?" என்று உறவினர் கேட்கிறார். மூத்தவன் பல்கலைக்கழகம் என்று உரக்கச் சொன்ன தாய், இளையவன் தொழில்நுட்பக் கல்விக் கழகம் என்பதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் அது விழாமலா இருக்கும்?

இந்தக் கூச்சத்துக்கு வரலாறு உண்டு. 1979ல் சிங்கப்பூரில் அமைந்த தொழிற்பயிற்சி வாரியத்தில், தொடக்கப்பள்ளியோடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்ட பிள்ளைகள் பலர் சேர்ந்தனர். படிப்பு வராதவர்களின் இடம் என்ற முத்திரை அப்போது விழுந்தது. 1992ல் அதற்குப் பதிலாகத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் உருவானது. பத்தாண்டுப் பள்ளிக் கல்விக்குப் பிறகு சேரும் கல்விக்கூடம் அது. இருந்தும், அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகளை 'இட்ஸ் த எண்ட்', அதாவது 'எல்லாம் முடிந்தது' என்று விரித்துக் கேலி பேசினார்கள்.

உண்மையில் முடிந்ததா? அங் மோ கியோ வளாகத்தில் விமானப் பராமரிப்பு, சிமெய் வளாகத்தில் தாதிமை, சுவா சூ காங் வளாகத்தில் சமையற்கலை என்று பிள்ளைகள் கற்கிறார்கள். வேலையிடப் பயிற்சிக்குச் சென்று, நேரம் தவறாமை, மேற்பார்வையாளரிடம் பேசும் முறை, தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு ஆகியவற்றையும் பழகுகிறார்கள். இவை எந்தத் தேர்வுத்தாளிலும் வருவதில்லை. கழகத்தின் உருமாற்றத்துக்கு 2007ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆஷ் கழகம் புத்தாக்க விருது வழங்கியது.

பள்ளிகளும் மாறியுள்ளன. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை, மற்றப் பாடங்களில் பின்தங்கினாலும் கணிதத்தை உயர்ந்த நிலையில் படிக்கலாம்.

குறையையும் மறைக்க வேண்டாம். பட்டதாரியின் சம்பளத்துக்கும் கழகத்தில் படித்தவரின் சம்பளத்துக்கும் இடைவெளி இன்னும் இருக்கிறது. அதைக் குறைக்கவே 2024 வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் உதவி அறிவிக்கப்பட்டது. 30 வயதுக்கு மேற்படாத கழகப் பட்டதாரிகள் பட்டயப் படிப்பில் சேரும்போது 5,000 வெள்ளி, முடிக்கும்போது மத்திய சேம நிதிக் கணக்கில் 10,000 வெள்ளி. வேலைக்குப் போன பின்னும் படிக்கும் வழி திறந்திருக்கிறது.

பணத்தை அரசாங்கம் தரலாம். மதிப்பை வீடுதான் தரவேண்டும். பெற்றோரே, கழகத்தின் பொது வரவேற்பு நாளில் பிள்ளையுடன் சென்று பாருங்கள். எந்தத் துறை அவன் கைக்குப் பிடிக்கிறது என்று அவனிடமே கேளுங்கள். அடுத்த விருந்தில் யாராவது கேட்டால், இரண்டு பிள்ளைகளின் படிப்பையும் ஒரே குரலில் சொல்லுங்கள்.