பணம் செல்போனில், பொறுப்பு வங்கியில்



இளநீர் வண்டியில கூட இப்போ க்யூஆர் அட்டை தொங்குது. ஸ்கேன் பண்ணி, பின் எண் போட்டா, பணம் வந்திடுச்சுன்னு பக்கத்துல இருக்கிற பெட்டி சத்தமா சொல்லுது. இதுல வங்கி எங்கே? கண்ணுக்குத் தெரியல. ஆனால் பணம் போனது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குத்தான்.

கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா அப்படி இல்லை. அதை நடத்துவது செல்போன் நிறுவனம்; வங்கிக் கணக்கே இல்லாதவரும் பணம் அனுப்பலாம். நம்ம நாட்டில் 2016-ல் வந்த யுபிஐ, பணத்தை வங்கியிலேயே வைத்துவிட்டு சாவியை மட்டும் போனுக்குக் கொடுத்தது.

வங்கிகளுக்கு இதில் லாபமும் உண்டு, தலைவலியும் உண்டு. கவுன்டரில் கூட்டம் குறையுது. சின்னக் கடைக்காரரின் தினசரி வரவு கணக்கில் பதிவாவதால், கடன் கேட்டு வந்தால் காட்ட ஆதாரம் இருக்கு. ஆனால் பத்து ரூபாய் டீயும் சர்வரில் ஒரு பதிவுதான். 2020 ஜனவரியிலிருந்து, கணக்கிலிருந்து நேராகச் செய்யும் யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நாம இலவசம்னு சொல்றோம். செலவை வங்கிகளும் அரசின் ஊக்கத்தொகையும் சுமக்கின்றன. இது எத்தனை நாளைக்கு ஓடும் என்பது நியாயமான கேள்விதான். அதோடு, பெரும்பாலான பரிமாற்றம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே நடக்குது. வாடிக்கையாளருக்குச் செயலியின் பெயர் வாயில் இருக்கு, வங்கியின் பெயர் பாஸ்புக்கில் மட்டும்தான் இருக்கு.

சிக்கல் வரும்போதுதான் இது நம்மைப் பாதிக்குது. பணம் கழிந்துவிட்டது, எதிராளிக்குப் போகலை. உடனே இணையத்தில் உதவி எண் தேடுறோம். அங்கே மோசடிக்காரன் போலி எண்ணோடு உட்கார்ந்திருக்கான்! தேடாதீங்க. செயலிக்குள்ளேயே புகார் செய்யுங்க, உங்க வங்கியிலும் பதிவு பண்ணுங்க. 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது: தனிநபருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்பணும், கடைக்கு என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலேயே தரணும். வங்கி 30 நாளில் தீர்க்கலைன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். எண்ணைத் தப்பாகப் போட்டு வேறொருவருக்கு அனுப்பிட்டா கதை வேற, வாங்கியவர் சம்மதிக்கணும்.

மோசடி என்றால் முதல் அழைப்பு 1930-க்கு. சொந்தக்காரரிடம் அப்புறம் பேசிக்கலாம், ஏன்னா பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள முடக்கணும். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. பின் எண்ணை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் கணக்கில்தான். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அவன் எடுக்கப் போறான்.

தினமும் டீ, பஸ், காய்கறின்னு சின்னச் செலவு அதிகம் உள்ளவங்க யுபிஐ லைட் பயன்படுத்தலாம். பாஸ்புக் நிரம்பாது, வங்கி சர்வர் படுத்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். பின் எண் கேட்காது என்பதால், போனுக்குப் பூட்டு போட்டு வைங்க.