உளிக்கு ஒரு தோல் வார்

ராஜபாளையத்திலிருந்து ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள், ஆண்டாள் தேர் நிலையில் நிற்கும்போதே அதன் அடிப்பாகத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். விரல் நகத்தைவிடச் சிறிய மணிகளும் மடிப்புகளும் மரத்தில் தெரியும். மழுங்கிய உளியால் இது நடக்காது. மரம் வெட்டுப்படாமல் நசுங்கி நார் நாராகக் கிளம்பிவிடும்.

சாணைக்கல்லில் தீட்டியதும் உளி கூராகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் வாயில் மெல்லிய பிசிறு ஒன்று மடிந்து ஒட்டியிருக்கும். அதை எடுப்பதுதான் தோல் வார். முடிதிருத்துபவர் சவரக்கத்தியை வாரில் இழுப்பாரே, அதே வேலைதான்.

பலகையில் தோலை ஒட்டி, கடையில் கிடைக்கும் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்க்க வேண்டும். அதில் இருப்பது குரோமியம் ஆக்சைடு, மிக நுண்ணிய பொடி. உளியின் வாயை முன்னால் தள்ளாமல், பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். தள்ளினால் தோல் கிழியும். இழுப்பு முடியும் இடத்தில் கையைத் தூக்கிவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. அங்கேதான் கூர் உருண்டு போகிறது. வளைந்த உளியின் உட்புறத்துக்குத் தோலை மடித்து, அந்த மடிப்பில் தேய்ப்பார்கள்.

வேலைக்கு நடுவே அவ்வப்போது இப்படி இழுத்துக்கொண்டால் கல்லைத் தேட வேண்டியதே குறைவு. வாரில் இழுத்தும் வெட்டு பளபளப்பாக விழாவிட்டால், மறுபடி கல்லுக்குப் போகலாம்.