ரெண்டும் உண்மைன்னா? பாரடாக்ஸ் கேள்விகளும் ஒரு பீங்கான் பட்டறையும்

ஜிமேட் தேர்வுக்குத் தயாராகிறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது: "கிரிட்டிகல் ரீசனிங்ல மத்ததெல்லாம் ஓரளவு பிடிபடுது. இந்தப் பாரடாக்ஸ் கேள்வி மட்டும் காலை வாரி விடுது. என்ன பண்றது?" எனக்கும் அதே கதைதான். மாக் டெஸ்ட் மேல மாக் டெஸ்ட் எழுதி, ஒரே இடத்துல விழுந்துக்கிட்டே இருந்தேன். ஏன் விழுறேன்னு புரிஞ்சது கோச்சிங்ல இல்ல, எங்க ஊர்ல. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல கேள்வி எப்படி இருக்கும்னு பார்த்துடலாம். இப்போ இருக்கிற ஜிமேட்டில் வெர்பல் பகுதிக்கு 45 நிமிஷம், 23 கேள்விகள். ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம் கூடக் கிடையாது. பாரடாக்ஸ் கேள்வியில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். அதில் ரெண்டு தகவல். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். "கீழே உள்ளவற்றில் எது உண்மையாக இருந்தால் இந்த முரண்பாடு விளங்கும்?" என்று கேட்டு அஞ்சு ஆப்ஷன் கொடுப்பாங்க.

எங்க ஊர் விருத்தாசலம், கடலூர் மாவட்டம். பீங்கானுக்குப் பேர் போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தர தனியா ஒரு அரசு நிறுவனமே இருக்கு. தொழிற்பேட்டையில் என் சித்தப்பா சின்னதா ஒரு பொம்மைப் பட்டறை வெச்சிருந்தார். அதனால உதாரணத்தை அங்க இருந்தே எடுக்குறேன்.

பொம்மை செய்ய, களிமண்ணைத் தண்ணியில் கரைச்சு கூழ் மாதிரி ஆக்குவாங்க. அதுக்கு ஸ்லிப்னு பேர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள அதை ஊத்தினா, அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும்; மண் சுவர் மாதிரி ஓரத்துல படியும். அதுதான் பொம்மை. இப்போ கேள்வி:

"ஸ்லிப் கெட்டியாக இருந்தால் அச்சுக்குள் ஓடாது. இளக வைக்கத் தண்ணீர் சேர்ப்பதுதான் யாருக்கும் தோன்றும் வழி. பட்டறைக்காரர்களோ தண்ணீர் சேர்ப்பதில்லை. ஒரு கிலோ மண்ணுக்குச் சில கிராம் சோடியம் சிலிகேட் சேர்க்கிறார்கள். உடனே ஸ்லிப் இளகி ஓடுகிறது. ஏன்?"

ஆப்ஷன் ஒண்ணு: அந்த ஸ்லிப் முதலிலேயே அவ்வளவு கெட்டியாக இல்லை. ரெண்டு: தண்ணீர் அதிகமானால் பொம்மை காயும்போது அதிகமாகச் சுருங்கும். மூணு: சோடியம் சிலிகேட்டை அட்டைப்பெட்டி ஒட்டும் பசையாகவும் பயன்படுத்துகிறார்கள். நாலு: சோடியம் சிலிகேட் எளிதில் கிடைக்கும். அஞ்சு: களிமண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடுவில் தண்ணீரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன, சோடியம் சிலிகேட் சேர்ந்ததும் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ள, உள்ளே இருந்த தண்ணீர் விடுபடுகிறது.

விடை அஞ்சுதான். ஆனா மத்த நாலும் ஏன் தப்புன்னு பார்க்கிறதுதான் முக்கியம். ஏன்னா தேர்வுல வர்ற தப்பு ஆப்ஷன்கள் பெரும்பாலும் இந்த நாலு வகைதான்.

மூணாவது உண்மையான தகவல்தான், ஆனா முரணை இன்னும் மோசமாக்குது. பசை சேர்த்தா இன்னும் கெட்டியாகத்தானே ஆகணும்? நாலாவதுக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது ஆபத்தானது. தண்ணீர் ஏன் சேர்க்கலன்னு அழகா சொல்லிடுது. சேர்க்காமலே எப்படி ஓடுதுன்னு சொல்லல. ஒரு பக்கத்தை மட்டும் விளக்குற ஆப்ஷன் அது. அவசரத்துல நம்ம கை அங்கதான் போகும்.

ஒண்ணாவது, பத்தியில் சொன்ன தகவலையே மறுக்குது. பாரடாக்ஸ் கேள்வியில் அதுக்கு அனுமதி இல்ல. பத்தியில் இருக்கிற ரெண்டு தகவலும் உண்மைன்னு ஒத்துக்கிட்டுத்தான் உள்ளே நுழையணும். நம்ம வேலை தீர்ப்பு சொல்றது இல்ல. ரெண்டையும் ஒரே கூரையின் கீழே வாழ வைக்கிற மூணாவது தகவலைத் தேடறது. அது பத்தியில் இல்லாத புதுத் தகவலாகத்தான் இருக்கும். "இது பத்தியில் இல்லையே"ன்னு அதைத் தள்ளிடாதீங்க.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, நான் தப்பாப் போட்ட கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டுல வகை பிரிச்சு எழுதினேன். முக்கால்வாசி இந்த முதல் வகைதான். ரெண்டு தகவல்ல எனக்குப் பிடிக்காத ஒண்ணை மனசுக்குள்ளயே அழிச்சிட்டு, மிச்சத்துக்கு விடை தேடியிருக்கேன். நோட்டை மூடினதும் பட்டறையில் வேலை பார்த்த ஒரு அக்கா ஞாபகம் வந்துடுச்சு.

காலேஜ் ரெண்டாவது வருஷம், கோடை லீவு. சித்தப்பா பட்டறையில் உடைசல் அதிகமா இருந்துச்சு. "நீதான் இன்ஜினியர் ஆகப் போறியே, என்னன்னு பாருடா" என்றார். நான் லேப்டாப்பை எடுத்துட்டுப் போய், ரெண்டு வாரம் யார் கையில் எத்தனை உடையுதுன்னு எக்செல்ல போட்டேன். அந்த அக்கா கணக்குல உடைசல் மத்தவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா பட்டறையில் யாரைக் கேட்டாலும் "அந்தக் கைக்கு ஈடு இல்ல"ன்னுதான் சொன்னாங்க.

பாருங்க, அச்சு அசல் பாரடாக்ஸ் கேள்வி. கைத்திறன்ல முதல் ஆள். ஆனாலும் உடைசல்லயும் முதல் ஆள்.

நான் என்ன பண்ணினேன்? முதல் தகவலை அழிச்சேன். "பழைய ஆள், மரியாதைக்குச் சொல்றாங்க. நம்பர் பொய் சொல்லாது சித்தப்பா" என்றேன். அவரும் நம்பிட்டார். எல்லார் முன்னாடியும் அவங்களைக் கேட்டார். அக்கா ஒரு வார்த்தை பேசல. கையைக் கழுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் வரல.

அடுத்த வாரம் உடைசல் குறையல, ஏறிடுச்சு. அப்புறம்தான் கவனிச்சோம். பெரிய பிள்ளையார், கை நீட்டி ஆடுற பொம்மை, மெல்லிசான தும்பிக்கை, விரல்னு சிக்கலான அச்செல்லாம் அவங்க மேஜைக்குத்தான் போகும். மத்தவங்களுக்கு உண்டியலும் வாத்தும். கஷ்டமான வேலை அவங்க கிட்ட போனதே அவங்க கைத்திறனாலதான். கஷ்டமான வேலைன்னா உடைசலும் கூட. ரெண்டு தகவலும் உண்மை. மூணாவது தகவலை நான் கேக்கவே இல்ல.

சித்தப்பாவும் நானும் அவங்க வீட்டுக்குப் போனோம். டீ போட்டுக் கொடுத்தாங்க. "கணக்கு சரிதான் தம்பி. எத்தனை உடைஞ்சதுன்னு எண்ணுன. எது உடைஞ்சதுன்னு எண்ணலையே" என்றாங்க. கோபமாகக்கூடச் சொல்லல. திரும்பி வரல, வேற பட்டறையில் சேர்ந்துட்டாங்க. சித்தப்பா பெரிய பிள்ளையார் செய்யறதையே விட்டுட்டார்.

இந்தத் தப்பு எனக்கு மட்டும் இல்ல. கேரளாவையும் பீகாரையும் எடுத்துக்கோங்க. கேரளாவில் சராசரி ஆயுள் அதிகம். ஆனாலும் சர்வேயில் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்றவங்களும் அங்கதான் அதிகம். சர்வே தப்புன்னோ, கேரளா ஆரோக்கியம் சும்மா பேச்சுன்னோ சொல்லிட்டா வேலை சுலபம். அமர்த்தியா சென் ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் யோசிச்சார். படிப்பும் பக்கத்துல ஆஸ்பத்திரியும் இருக்கிறவங்களுக்குத் தனக்கு நோய் இருக்குன்னு தெரியுது. இல்லாதவங்க அதையே இயல்புன்னு நினைச்சு வாழ்ந்துடுறாங்க.

சரி, தேர்வுல என்ன செய்யணும்? ஆப்ஷனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, பத்தியை உங்க சொந்த வார்த்தையில் ஒரே வரியா சொல்லுங்க. நடுவுல "ஆனாலும்" வரணும். கடைசியில் "ஏன்னா" போட்டு ஒவ்வொரு ஆப்ஷனையும் அங்க வெச்சுப் பாருங்க. "கைத்திறன்ல முதல் ஆள், ஆனாலும் உடைசல் அதிகம், ஏன்னா கஷ்டமான அச்செல்லாம் அவங்களுக்கு." வரி முழுசா நிக்குதா? அதுதான் விடை. "ஆனாலும்"க்கு முன்னாடியோ பின்னாடியோ இருக்கிறது ஆடினா, தள்ளிடுங்க.

இந்த முறையில் எழுத ஆரம்பிச்ச பிறகு இந்த வகைக் கேள்வியில் தப்பு ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ஆபீஸ்லயும் யாராவது "டாஷ்போர்டு எல்லாம் பச்சை, ஆனா யூசர் ஆப் ஓடலைங்கிறார்"னு சொன்னா, "அவர் நெட் சரியில்ல"ன்னு உடனே சொல்றதில்ல. எந்த யூசர், எந்த போன், எந்த ஸ்கிரீன்னு கேக்குறேன்.

அந்தக் கேள்வியை அன்னிக்குப் பட்டறையில் கேட்டிருக்கலாம். அடுத்த எபிசோடில் அசம்ப்ஷன் கேள்விகள்.