வெளியே போகும் வெப்பம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் மேடையேறினால் நீரிழிவு பற்றியே பேசுவோம் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று எங்கள் வைத்தியசாலையின் சலவைக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

சத்திரசிகிச்சைக் கூடங்களைக் குளிர்விக்கும் இயந்திரத்திலிருந்து இரவும் பகலும் 35 பாகை செல்சியஸ் அளவில் நீர் வெளிவருகிறது. அந்த வெப்பம் காற்றோடு போய்விடுகிறது. அதே வளவுக்குள் விரிப்புகளைத் தோய்க்க டீசல் எரித்து நீரைச் சூடாக்குகிறோம். 2022இல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்றபோது, நாளைய சத்திரசிகிச்சைக்குச் சுத்தமான விரிப்பு இருக்குமா என்று அஞ்சினோம்.

வெப்பம் தானாக மேலேறாது. ஏற்றிவிடுவது வெப்பப் பம்பி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நடக்கும் அதே சுற்றுத்தான். அதனுள் ஓடும் திரவம் அந்த 35 பாகை நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து ஆவியாகும். அமுக்கி ஆவியை நெருக்கிச் சூடேற்றும். அது ஒடுங்கித் திரவமாகும்போது வெப்பத்தைச் சலவை நீருக்குக் கொடுக்கும். பின் வால்வின் ஊடாக அமுக்கம் குறைந்து மறுபடி தொடங்கும்.

இதன் எல்லையைக் காட்டும் சிந்தனை சாடி கார்னோ 1824இல் வெளியிட்ட நூலிலிருந்து வருகிறது. (அவர் 36 வயதில் கொலராவுக்குப் பலியானார். வைத்தியர்களுக்கு இது மறக்காது.) உயர்தர மாணவிகள் கெல்வினில் போட்டுப் பாருங்கள். 35இலிருந்து 65 பாகைக்கு ஏற்ற, 338ஐ 30ஆல் பிரித்தால் ஏறத்தாழ 11. 90 பாகை கேட்டால் 363ஐ 55ஆல் பிரிக்க வேண்டும், 7கூட வராது. நடைமுறையில் இவற்றின் பாதியோ அதிலும் குறைவோதான் கிடைக்கும். நான்கு என்றே வைப்போம். ஓரலகு மின்னுக்கு நான்கலகு வெப்பம். சாதாரண மின்சூடாக்கி தருவது ஒன்று.

ஆகவே எவ்வளவு குறைவான சூட்டைக் கேட்கிறோமோ அவ்வளவு மிச்சம். பொறியியலாளர்கள் குளிப்பதற்கு 45 பாகை போதுமே என்றார்கள். கணக்குச் சரிதான். ஆனால் 45இல் தேங்கும் நீரில் நியூமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா பக்றீரியா உயிரோடிருக்கும். தொட்டி 60 பாகையிலாவது இருக்கவேண்டும். விரிப்புகளுக்கு 65 பாகையில் பத்து நிமிடம் வேண்டும். இந்த எண்களை வைத்தியர்கள்தான் சொல்லவேண்டும் என்பதால் அந்தக் கூட்டங்களில் விடாமல் உட்கார்ந்தோம்.

ஓட்டோகிளேவுக்கு 134 பாகை நீராவி தேவை. அதற்கு ஒரு சிறிய கொதிகலனை வைத்துக்கொண்டு, சலவைக்கும் குளியலுக்கும் வெப்பப் பம்பியும், இரவில் வீணாகும் வெப்பத்தைக் காலைச் சலவைக்குச் சேமிக்க ஒரு பெரிய தொட்டியும் கேட்டிருக்கிறோம். நிதி இன்னும் வரவில்லை. கோப்பு நகர்கிறது.