கட்டணம் அறவிடாத பாடசாலை

(பங்கின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர், பழைய மாணவர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் நூற்றாண்டு விழாவுக்கு நிலையான நினைவுச்சின்னம் ஒன்று வேண்டும் என விழாக் குழுவினர் விரும்புகின்றனர். மணிக்கூண்டு எழுப்பலாம் என்றனர் சிலர். லூர்து அன்னைக்குக் கெபி கட்டலாம் என்றனர் வேறு சிலர். ஆனால் பெரும்பாலானோர் கேட்பது ஒரு பாடசாலை. அரசாங்கத்தின் கையில் இல்லாத, நமக்கே சொந்தமான, ஆங்கில மொழியில் கற்பிக்கும் கத்தோலிக்கத் தனியார் பாடசாலை. கோயிற்காணி சும்மா கிடக்கிறது. வெளிநாடுகளில் வாழும் நம் மக்கள் பணம் தர ஆயத்தமாக உள்ளனர். சுவாமி சம்மதித்தால் போதும் என்கிறார்கள்.

நாம் இன்று ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப்போவதில்லை. தனியார் பாடசாலை என்ற சொல் இந்த நாட்டில் இலேசான சொல் அன்று. அதற்காக நம் பெரியோர் அழுதிருக்கிறார்கள், இரவிரவாகக் காவல் இருந்திருக்கிறார்கள், சம்பளமின்றி உழைத்திருக்கிறார்கள். அந்தக் கதையை அறிந்த பின் தீர்மானிப்பது நலம் என்பதற்காகவே இவ்வுரை.

இலங்கையில் பாடசாலையும் சமயமும் அரசும் எக்காலமும் ஒன்றோடொன்று பிணைந்தே வந்துள்ளன. ஒல்லாந்தர் ஆட்சியில் பாடசாலை என்பது அவர்களுடைய சபையின் கோயிலும்கூட. பிள்ளையின் பெயர் அங்கேதான் தோம்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதுசத்துக்கே வில்லங்கம் வரலாம். ஆகையால் நம் முன்னோர் பகலில் அங்கே பெயரைக் கொடுத்துவிட்டு, இரவில் புனித யோசவ்வாஸ் அடிகளார் போன்ற குருக்களிடம் மறைவாகப் பூசை கண்டனர்.

ஆங்கிலேயர் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் குருத்துவக் கல்லூரியையும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை கண்டார். கத்தோலிக்கராகிய நாம் சற்றுப் பிந்தியவர்கள். 1847இன் இறுதியில் அமலமரித் தியாகிகள் சபையினர் இந்நாட்டில் வந்திறங்கினர். பெத்தக்கினி ஆண்டகையின் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாணத்தில் ஆண்களுக்கான ஆங்கிலப் பாடசாலை ஒன்று ஆரம்பமாயிற்று. 1881இல் அதற்குப் புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் வந்தது. அக்கல்லூரியைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

இங்கே ஒருவரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர் பொன்ஜீன் ஆண்டகை. பிரான்ஸ் தேசத்தவர், 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாணத்தை மேய்த்தவர், பின்னர் கொழும்பின் பேராயரானவர். ஆயராவதற்கு முன்னரே, 1860களின் தொடக்கத்தில், அவர் பாடசாலைப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு எழுதினார். அரசாங்கம் எல்லாருக்கும் பொதுவான கலப்புப் பாடசாலைகளையே நடத்த நினைத்த காலம் அது. அவருடைய வாதம் எளியது. பிள்ளை பெற்றோருக்கு உரியது, வரிப்பணமும் பெற்றோருடையது, ஆகவே எந்தச் சமயத்தவர் பாடசாலை நடத்தினாலும், அங்கே உலகக் கல்வி ஒழுங்காக நடைபெறுமாயின், அரசு அதற்கு உதவ வேண்டும். கத்தோலிக்கருக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, சமய பேதமின்றி உதவி நன்கொடை வழங்கும் முறை ஏற்பட்டது. அதனால் நமது பாடசாலைகள் மட்டுமன்றி, பிற்காலத்தில் சைவப் பாடசாலைகளும் பௌத்த பாடசாலைகளும் வளர்ந்தன.

அந்த ஒழுங்கு எப்படி நடைபெற்றது என்று இளைஞர் பலருக்குத் தெரியாது. காணியும் கட்டடமும் கோயிலுடையவை. பங்குக்குரு பாடசாலையின் முகாமையாளர். ஆசிரியரை நியமிப்பவர் அவரே. கூரை ஒழுகினால் ஓலை தேடுபவரும் அவரே. ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் சித்தியடைந்தார்களோ அதற்கேற்பவே முற்காலத்தில் நன்கொடை கிடைத்தது. பரிசோதகர் வரும் நாளில் பிள்ளை கடற்கரைக்குப் போய்விட்டால் ஆசிரியரின் சம்பளத்தில் துண்டு விழும். அதனால் உபதேசியார் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்த கதைகள் எல்லாப் பங்குகளிலும் உண்டு. கோயிலுக்குப் பக்கத்தில் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக எழுந்த இச்சிறு சுயமொழிப் பாடசாலைகளே நமது மக்களுக்கு எழுத்தறிவித்தன. நகரத்துப் பெரிய கல்லூரிகள் பெயர் எடுத்தன. பாரத்தைச் சுமந்தவை இவை.

1945 ஒக்டோபரில் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. திட்டத்தில் சேர்ந்த பாடசாலை கட்டணம் வாங்கக் கூடாது. ஆசிரியரின் சம்பளத்தை அரசு கொடுக்கும். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரி அதிபராயிருந்த பீற்றர் பிள்ளை அடிகளார் அந்நாட்களில் திருச்சபைப் பாடசாலைகளின் உரிமைக்காக அஞ்சாது வாதாடினார். இலவசக் கல்வியால் ஏழைப் பிள்ளைகள் அடைந்த நன்மையை இன்று எவரும் மறுக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து நமது பாடசாலைகள் அரசின் பணத்தில் மேலும் மேலும் தங்கியிருக்கலாயின. பணம் கொடுப்பவர் ஒருநாள் திறப்பையும் கேட்பார் என்பது எதிர்பார்த்திருக்க வேண்டியதே.

அந்த நாள் 1960இல் வந்தது. ஜூலைத் தேர்தலில் சிறீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கம் பதவி ஏற்றது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி உதவி பெறும் பாடசாலைகளின் முகாமைத்துவம் டிசம்பர் முதலாந் திகதி கல்விப் பணிப்பாளரிடம் சென்றது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் காணி, கட்டடங்களையும் அரசுடைமையாக்க வழி செய்தது. மேல்வகுப்புகள் கொண்ட முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகளுக்கு மாத்திரம் ஒரு தெரிவு இருந்தது. விரும்பினால் அவை தனித்து நிற்கலாம். ஆனால் அரசின் பணம் ஒரு சதமும் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் அறவிடக் கூடாது. இரண்டு கையையும் கட்டிவிட்டு நீந்தச் சொன்னது போலிருந்தது.

கொழும்பிலும் மேற்குக் கரை நெடுகிலும் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இருந்துகொண்டனர். தாய்மார் குழந்தைகளோடு வகுப்பறைகளில் படுத்துறங்கினர். வன்முறை நேருமோ என்ற அச்சம் நிலவிய வேளையில், 1961 ஜனவரியில் பம்பாய் கர்தினால் வலேரியன் கிராசியாஸ் ஆண்டகை இங்கு வந்து பேச்சு நடத்தினார். அதன்பின் பெற்றோர் வெளியேறினர். இதை நாம் தோல்வி என்று சொல்லமாட்டோம். இரத்தம் சிந்தாமல் முடிந்ததே பெரிய காரியம்.

சிறு பாடசாலைகளுக்குத் தெரிவே இருக்கவில்லை. கோயிலடிப் பாடசாலைகள் ஒன்றொன்றாகக் கைமாறின. மட்டக்களப்பில் இயேசு சபையினர் வளர்த்த புனித மிக்கேல் கல்லூரி போன்ற பெரியனவும் அரசிடம் சென்றன. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அவ்வாறே. ஆகவே இது கத்தோலிக்கருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று பேசுவது முறையன்று. தனித்து நின்றவை சில. யாழ்ப்பாணத்தில் நமது பத்திரிசியார் கல்லூரி, அங்கிலிக்கன் சபையாரின் பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி என்பன அவற்றுட் சில.

இவை எவ்வாறு உயிர் பிழைத்தன? இதைத்தான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். கட்டணம் இல்லை, நன்கொடை இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டச் சீட்டுகளும் நடத்தின. பெற்றோர் மனமுவந்து கொடுத்ததைக் கொடுத்தனர்; கொடாதவரின் பிள்ளையை வெளியேற்ற முடியாது. குருக்களும் கன்னியரும் கற்பித்ததால் அவர்களுடைய ஊதியம் பாடசாலைக்கு மிச்சமாயிற்று. பொதுநிலை ஆசிரியர்களின் தியாகத்தைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அரசாங்கப் பாடசாலைக்குப் போனால் நிச்சயமான சம்பளம், இடமாற்றம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அதை விட்டுவிட்டு, மாத முடிவில் கையில் என்ன வரும் என்று தெரியாத இடத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தனர். போனவர்களையும் குறை சொல்ல முடியாது; அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தனர். பிற்காலத்தில் அரசாங்கம் மனமிரங்கி இப்பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை ஏற்றுக்கொண்டது. இன்று அவை அரச உதவி பெறும், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகள். உரிமையாளர் மறைமாவட்டமோ துறவற சபையோ. அதிபரை நியமிப்பவர் அவரே. பாடத்திட்டமும் பரீட்சையும் அரசினுடையவை. பொன்ஜீன் ஆண்டகை கேட்ட ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு சிறு செய்தி. பத்திரிசியார் கல்லூரியில் 1936 முதல் 1954 வரை அதிபராயிருந்த லோங் அடிகளார் அயர்லாந்து நாட்டவர். யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவாக முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். தனியார் கல்லூரியின் அதிபர் ஊர் முழுவதற்கும் நூலகம் தேடினார். மதிலுக்குள் இருப்பவர்கள் மட்டும் தம் பிள்ளைகள் என்று அவர் எண்ணவில்லை.

இனி நமது காரியம். 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை நிறுவுவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படியானால் சந்திக்குச் சந்தி சர்வதேசப் பாடசாலைகள் எழுகின்றனவே என்று கேட்பீர்கள். அவை கல்விச் சட்டத்தின் கீழ் அன்றி, கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபார நிறுவனங்களாகப் பதியப்பட்டவை. நமக்கும் இன்று திறந்திருக்கும் வழி அது ஒன்றே. கம்பனியாகப் பதிய வேண்டும். கட்டணம் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நடத்த முடியாது. ஏனெனில் அங்கே ஆசிரியருக்கு அரசு சம்பளம் தராது.

பெயர்ப்பலகையிலும் ஒரு நிபந்தனை உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 803ஆம் பிரிவின்படி, உரிய திருச்சபை அதிகாரியின் சம்மதமின்றி எந்தப் பாடசாலையும் கத்தோலிக்கப் பாடசாலை என்ற பெயரைத் தாங்க இயலாது. ஆகவே ஆயர் ஆண்டகை நம்மிடம் கேட்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டை மேசையில் வைத்தே கேட்பார். பெற்றோரே பிள்ளையின் முதல் ஆசிரியர் என்று அந்த ஏடு கூறுகிறது. பாடசாலையைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு உண்டு என்கிறது. அதுவரையில் உங்கள் விருப்பத்துக்கு அது துணை நிற்கும். ஆனால் அதே ஏடு, பொருள் வசதியற்றோர் மீது திருச்சபைப் பாடசாலைகள் விசேட அக்கறை கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அங்கேதான் நமது கணக்கு இடறுகிறது.

நமது பங்கில் கட்டுமரத்தில் போய் வருகிறவர்களின் பிள்ளைகள் எத்தனை? கணவனை இழந்த தாய்மாரின் பிள்ளைகள் எத்தனை? அவர்கள் இன்று கோயிலுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கப் பாடசாலையில் படிக்கின்றனர். அதன் பழைய கட்டடம் நம் பாட்டன்மார் கல் சுமந்து கட்டியது. அரசுடைமையானாலும் அங்கே கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தன் சமயத்தைப் படிக்க உரிமை இருக்கிறது. வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் புதிய பாடசாலைக்கு வந்துவிட்டால், அந்தப் பழைய பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேச யார் இருப்பார்கள்? ஆசிரியர் குறைவு என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு யார் மனு கொண்டுபோவார்கள்? இதற்கு விடை காணாமல் அடிக்கல் நாட்ட நமக்கு மனமில்லை.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடத்துக்குப் பணம் சேர்ப்பது சுலபம். கட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். பத்தாம் ஆண்டில் கணித ஆசிரியரின் ஏப்ரல் மாதச் சம்பளத்துக்குக் கல் வைப்பாரில்லை. கட்டட நிதிக்குத் தருவதாகச் சொன்னவர்களிடம், அதே பணத்தை வைப்பிலிட்டு, அதன் வட்டியில் வறிய பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கவோ, மாலைநேர ஆங்கில வகுப்பு நடத்தவோ சம்மதமா என்று விழாக் குழுவினர் எழுதிக் கேட்கும்படி வேண்டியுள்ளோம். பதில்கள் வரத்தொடங்கியுள்ளன. எல்லாம் சம்மதக் கடிதங்கள் அல்ல.

அடுத்த மாத முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் மீண்டும் கூடுவோம். பாடசாலை வேண்டும் என்பவர்கள் வரவு செலவு மதிப்பீட்டை எழுதிக்கொண்டு வாருங்கள். கட்டணம் கொடுக்க இயலாத பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வேண்டாம் என்பவர்களும் வெறுங்கையோடு வரவேண்டாம். பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் முதலிற் போய், அங்கே என்ன குறை என்று கேட்டு வாருங்கள்.