இறந்த குழந்தைக்குத் தன் பெயர்

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் 1888இல் பிறந்தார். அதற்கு மூன்றாண்டு முன்பே அவருடைய அண்ணன் ஒருவன் தட்டம்மையில் இறந்திருந்தான், ஒன்றரை வயதுக் குழந்தை. பெயர் எட்மண்ட். பின்னாளில் ஓ'நீல் தம் குடும்பக் கதையையே 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' என்ற நாடகமாக எழுதி 1941இல் முடித்தார். அதில் உயிரோடிருக்கும் இளைய மகன் எட்மண்ட். இறந்த குழந்தைதான் யூஜின்.

உளப்பகுப்பாய்வு தெரிந்தவர்கள் இந்தப் பெயர் மாற்றத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். அது சரியான இடம். நாடகத்தில் தாய் மேரி மார்ஃபினுக்கு அடிமை. எட்மண்டைப் பெற்ற பிறகு மருத்துவர் கொடுத்த மருந்தில் தொடங்கிய பழக்கம் அது. தான் பிறந்ததே தாய்க்குக் கேடு என்று நம்பும் ஒரு மகன், செத்த பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிடுகிறான்.

மூத்தவன் ஜேமியின் சுமை வேறு. ஏழு வயதில், அம்மை கண்டிருந்தபோது, போகக் கூடாது என்று சொல்லியும் குழந்தை யூஜினின் அறைக்குள் போனவன் அவன். பொறாமையால் வேண்டுமென்றே போனான் என்று தாய் இன்றும் நம்புகிறாள். தம்பி இல்லாமல் போகட்டும் என்று எந்தக் குழந்தையும் ஒரு கணம் நினைக்கும். நினைத்தது நடந்துவிட்டால் அந்தக் குழந்தையின் கதி என்ன? நான்காம் அங்கத்தில், குடிபோதையில், என்னிடம் எச்சரிக்கையாக இரு, நீ கெட்டழிய வேண்டும் என்றே உன்னைக் கெடுத்தேன் என்று அவன் எட்மண்டிடம் சொல்கிறான். அதே மூச்சில், உன்னைவிட எனக்கு யாருமில்லை என்கிறான். நவீன நாடகத்தில் இதற்கு நிகரான சகோதரக் காட்சியை நான் வாசித்ததில்லை.

ஆனால் தாய்மேல் ஆசை, தந்தைமேல் பகை என்னும் ஃபிராய்டின் 'ஈடிபஸ் சிக்கல்' என்று முத்திரை குத்திவிட்டு நகரும் விமர்சனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தந்தை டைரோனின் கஞ்சத்தனத்தைப் பாருங்கள். பத்து வயதில் பட்டறை வேலைக்குப் போன ஐரிஷ் ஏழைச் சிறுவனின் பயம் அது. அதற்கு விளக்கம் ஃபிராய்டிடம் இல்லை, பசியில் இருக்கிறது.

தாம் இறந்து 25 ஆண்டுகள் வரை இந்த நாடகம் வெளிவரக் கூடாது என்று ஓ'நீல் கேட்டிருந்தார். 1953இல் அவர் மறைந்தார். மனைவி கார்லோட்டா அனுமதி தர, 1956 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக மேடையேறியது. கிடைத்தால் வாசியுங்கள். நான்காம் அங்கத்தை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள்.